மாமாவின் மீசைக்கு அடுத்த இடம்

அப்பா முடி வெட்டுகிறவர். அம்மாவின் அண்ணன் தச்சர். எங்கள் கோவிலில் திருவிருந்து வாங்க முழங்காலிடும் பலகைகூட மாமா இழைத்ததுதான். அவருடைய மீசை கன்னம் இரண்டையும் தாண்டி நிற்கும். ஆள் வருவதற்கு முன்னால் அது வந்துவிடும் என்பாள் அம்மா.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து; இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் தருவார்கள். ரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். ஒருவர் குடித்ததும் போதகர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை, யாருக்கோ சவரம் செய்துகொண்டே அப்பா சொன்னார்: “எங்க மச்சான் மீசைக்குத் தனியா ஒரு கிண்ணம் வைக்கணும். வாரம் முழுக்க மரத்தூள் தின்னுது, ஞாயித்துக்கிழமை தாகம் எடுக்காதா?”

கடையே குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர் அங்கிருந்து நேராக மாமாவின் பட்டறைக்குப் போனார்.

அதோடு பேச்சு நின்றது. மாமா வேறு கடைக்குப் போனார். அப்பா திருவிருந்துக்கு எழுந்து போவதையே விட்டுவிட்டார்.

“பிறரோட சமாதானமா இருக்கறவங்க வாங்கன்னு போதகர் கூப்பிடறாரு. நான் அப்படியா இருக்கேன்? பொய் சொல்லிட்டுப் போய் முட்டி போடச் சொல்றியா?”

“அப்ப அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

“ஒரு மீசைகிட்டயா?”

எட்டு மாதம் இப்படியே ஓடியது. திடப்படுத்தல் முடித்தவர்களுக்குத்தான் திருவிருந்து; அதற்குச் சபை முன்னால் நின்று போதகரின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கு நாலு பேரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் நானும் திருவிருந்து வாங்குவதில்லை. எல்லாரும் போன பிறகு பெஞ்சில் நானும் அப்பாவும்தான்.

அங்கிருந்துதான் அதைக் கவனித்தேன். எப்போதும் முதல் வரிசையில் போகும் மாமா, இப்போது எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை நிற்கிறார். கடைசி ஆளாகப் போய், தனியாக முழங்காலிடுகிறார்.

ஒரு நாள் வீட்டில் அப்பா கத்தி தீட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். “மாமா ஏம்பா கடைசியில போறாரு?”

“திமிரு. நம்ம மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு.”

“இல்லப்பா. அவருக்கு அப்புறம் யாரும் அந்தக் கிண்ணத்துல குடிக்க வேணாம்னு.”

அப்பாவின் கை நின்றது. அம்மா குழாயை மூடினாள். அன்று முழுவதும் அப்பா ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு. எல்லாரும் வாங்கிவிட்டுத் திரும்பினார்கள். மாமா தனியாகப் போய் முழங்காலிட்டார். திடீரென்று அப்பா என் காலை மிதித்துக்கொண்டு எழுந்தார். விறுவிறுவென்று நடந்து, மாமாவைத் தாண்டி அவருக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டார். இனி கிண்ணம் மாமாவிடம் போய்விட்டுத்தான் அப்பாவிடம் வரும்.

“மாப்பிள்ளை, நீங்க இந்தப் பக்கம் வாங்க. நான் கடைசியில குடிச்சுக்கறேன்.”

“நகராதீங்க மச்சான். நான் பேசினது தப்பு. வாய்க்கொழுப்பு.”

அப்பாவுக்கு ரகசியம் பேச வராது. முழுக் கோவிலும் கேட்டது. போதகர் அப்பத்தட்டோடு நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பம் வந்தது. கிண்ணம் வந்தது. மாமா இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக் குடித்தார். போதகர் துணியை எடுத்தார். அதற்குள் அப்பா கை நீட்டிக் கிண்ணத்தை வாங்கிவிட்டார். துடைக்காத விளிம்பில் வாய் வைத்து, அண்ணாந்து குடித்தார். போதகர் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு மிச்சமில்லை.

வெளியே வந்ததும் மாமா செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தபடி கேட்டார். “முடி கிடி ஏதாச்சும் வந்துச்சா?”

“ஒண்ணு வந்துச்சு. நரைச்சது.”

அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணெல்லாம் தண்ணீர்.

மறுநாள் அப்பா கடை திறக்கும் முன்பே மாமா வாசலில் நின்றார். உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார்.

“உதட்டு மேல விழறதை மட்டும் வெட்டுங்க. ஓரத்தைத் தொட்டீங்கன்னா மாப்பிள்ளை, கோவில் பலகையில நீங்க முட்டி போடற இடமாப் பார்த்து ஆணி அடிச்சிருவேன்.”