வெறுங்காது

முன்ஜியா மல்லிகைச் செண்டு கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்வதற்குள், வாய் திறக்காத மொட்டுகளாகத் தோட்டத்துக் கொடியிலிருந்து பறித்து, புல் ஈர்க்குகளில் ஒவ்வொன்றாக நூல் சுற்றிச் சேர்க்க வேண்டும். ஹம்மாமெத் ஊரில் கோடை முழுக்க ஆண்கள் அதைக் காதில் செருகிக்கொண்டுதான் காப்பிக்கடைக்குப் போவார்கள். திரும்பி வந்து மனைவியின் கையில் கொடுப்பார்கள். முப்பத்தொரு வருடம் அவள் கணவர் தீஜானியும் கொடுத்தார். இப்போது பதினேழு நாளாக வெறுங்காதோடு வருகிறார்.

கேட்டால், "எங்கயாச்சும் விழுந்திருக்கும்" என்பார். தினமுமா விழும்? கோட்டை வாசலில் துணி தைக்கும் அந்த விதவையின் மேசையில் போய் விழுகிறதோ? முன்ஜியா கேட்பதை நிறுத்திவிட்டாள். பேசாமல் இருந்தால் மனுஷன் தானாக உளறுவான் என்று காத்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

இன்றைக்கு நூல் முழுக்கப் பூண்டை நசுக்கித் தேய்த்திருந்தாள். முகர்ந்ததுமே அவருக்குத் தெரியட்டும், இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

வெளுத்த அங்கியோடு தீஜானி முற்றத்துக்கு வந்தார். செண்டை வாங்கி மூக்கோடு வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு விரிய இழுத்தார்.

"ஆஹா! ஒன் கை பட்டாலே தனி வாசம்தான் முன்ஜியா."

கிண்டலா? அவள் அவர் முகத்தைத் துருவினாள்.

"நல்லா மோந்து சொல்லுங்க."

"என்னத்தச் சொல்ல? சொர்க்கம்டீ!"

இரண்டு முழம் தள்ளி நின்ற அவளுக்கே பூண்டு நெடி குப்பென்று அடித்தது.

மாமியாருக்கும் முதலில் போனது மூக்குதான். அடுப்பில் மீன் கருகிப் புகைய, பக்கத்திலேயே உட்கார்ந்து ஜெபமணி உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் கழித்து, இதே முற்றத்தில், "யாருப்பா நீ? யாரத் தேடி வந்த?" என்று மகனைக் கேட்டாள். அன்று தீஜானியின் முகம் போன போக்கை முன்ஜியா யாரிடமும் சொன்னதில்லை.

அவர் செண்டைக் காதில் செருகிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார். கடையில் எத்தனை மூக்குகள்! அவள் முக்காடுகூட இல்லாமல் ஓடினாள்.

பக்கத்து வீட்டு சாதுக் ரப்பர் குழாயால் தன் வாசலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். தீஜானி அதற்குள் செண்டை எடுத்து அவனிடம் நீட்டியிருந்தார்.

"மோந்து பாரு சாதுக். எப்படி இருக்கு?"

சாதுக் குனிந்தான். தோள்கள் ஒருமுறை தூக்கிப்போட்டன. மெல்ல நிமிர்ந்தான்.

"பிரமாதம்ணே! நேத்து எனக்குக் குடுத்தீங்களே, அதவிடத் தூக்கல். இப்படியே போனா கடைக்காரன் காப்பியக் கீழ ஊத்திட்டு ஒங்க பூவத்தான் விப்பான்."

"அப்ப வாசம் இருக்குல்ல?"

"இல்லாமயாண்ணே?"

அவர் தோளுக்கு மேலாக சாதுக் முன்ஜியாவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, பூண்டின் காரமாகவும் இருக்கலாம். இவனுக்கு எத்தனை நாளாகத் தெரியும்? இன்னும் யார் யாருக்கு?

"எங்க, இன்னொருவாட்டி மோந்து சொல்லு" என்றார் தீஜானி.

சாதுக் மறுபடி குனிந்தான். குழாயிலிருந்து தண்ணீர் அவர் செருப்பை நனைத்து ஓடியது. அவர் காலை நகர்த்தவில்லை. பொடி எழுத்து வாசிப்பவர்போலக் கண்ணைச் சுருக்கி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.