மூன்றாம் மாடிக் கதவு

எனக்குப் பாரபட்சம் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, சான்றிதழ் சொல்கிறது. பாரபட்சம் பார்க்காமல் ஆள் எடுக்கப் பயிற்சி என்று ஒரு நாள் முழுக்க எங்களை ஓர் அறையில் உட்காரவைத்து, திரையில் முகம் முகமாகக் காட்டி, யாரைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று குடைந்து எடுத்தார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் தூங்கிப் போனது மனிதவள மேலாளர் அம்மாவுக்குத் தெரியும். இருந்தும் என் சான்றிதழுக்குச் சட்டம் போட்டு நேர்காணல் அறையில் மாட்டிவிட்டார்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் நான் போர்மேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். வருடத்துக்கு ஒரு முறை ஆறு பயிற்சி மெக்கானிக்குகளை எடுப்போம். முதலில் அடித்தளத்தில் கைவேலைப் பரீட்சை. லிஃப்டுக் கதவின் பூட்டு ஒன்றை ஸ்டோர்கீப்பர் கையில் கொடுப்பார். பிரித்துக் கோர்த்து, பன்னிரண்டு நிமிடத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடித்தவர்கள் மூன்றாம் மாடிக்கு எங்களிடம் வருவார்கள். நான், மேலாளர் அம்மா, ரிடையர் ஆகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தலைமை இன்ஜினியர், ஆக மூன்று பேர். பத்துக்கு எத்தனை என்று நாங்கள் போடும் மார்க்தான் கடைசி வார்த்தை. கீழே யார் எத்தனை நிமிடத்தில் முடித்தார்கள் என்பது எங்களுக்கு வராது. பாஸ், ஃபெயில் மட்டும்தான் வரும். அந்த ஏற்பாட்டைச் செய்தவனும் நானே.

இந்த வருடம் கூடவே ஒரு மனோதத்துவ ஆய்வாளரும் வந்து சேர்ந்தார். அந்தப் பயிற்சி கொடுத்த பிறகு ஆள் எடுக்கும் முறை உண்மையில் மாறுகிறதா என்று பார்க்க வந்திருக்கிறாராம். ஒல்லியான பெண், தோளில் பெரிய பை, வாயைத் திறந்தால் ‘ஏன்’. ஒரே வாரத்தில் எங்கள் ஆட்கள் அவருக்கு ‘ஏன்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு சீட்டு. உள்ளே வந்த முதல் நிமிடத்தில் மஞ்சள் சீட்டில் மார்க் போட்டுப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இருபது நிமிடம் பேசி முடித்த பிறகு வெள்ளைச் சீட்டில் மறுபடி மார்க் போட வேண்டும்.

“முதல் நிமிஷத்துல என்னம்மா தெரியும்?” என்று சிரித்தேன்.

“அதைத்தான் சார் நானும் தெரிஞ்சுக்கணும்” என்றார்.

பதினான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தியை எனக்கு முன்பே தெரியும். தையல் மெஷின் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். போன வருடமும் வந்தாள், அதற்கு முந்தின வருடமும் வந்தாள். இரண்டு முறையும் நாங்கள் எடுக்கவில்லை. வயது வரம்பு முப்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு அது முடிகிறது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று விண்ணப்பத்தின் ஓரத்தில் மேலாளர் அம்மா பென்சிலால் குறித்திருந்தார்.

அவள் உள்ளே வந்தாள். சாத்துவதற்காகக் கதவைத் தள்ளினாள், அது துள்ளித் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினாள், பாதியில் நின்றது. தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினாள். படாரென்று சாத்திக்கொண்டது. தூக்கத்தில் இருந்த இன்ஜினியர் திடுக்கிட்டு விழித்தார். மஞ்சள் சீட்டில் நான் மூன்று போட்டேன்.

கேள்விகளுக்குப் பரவாயில்லாமல் பதில் சொன்னாள். முடிவில், “நீங்க ஏதாவது கேக்கணுமா?” என்று வழக்கம்போலக் கேட்டோம்.

“கேக்க ஒண்ணும் இல்ல சார். இந்தக் கதவோட மேல் கீல் இறங்கியிருக்கு. ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுத்தா இப்பவே சரி பண்ணிடுவேன்.”

எனக்குச் சுருக்கென்றது. வந்த இடத்தில் எங்கள் கதவையே குறை சொல்கிறாளே! வெள்ளைச் சீட்டிலும் மூன்றுதான் போட்டேன். பக்கத்தில் ‘வாய் அதிகம்’ என்றும் எழுதிவைத்தேன்.

மறுநாள் காலை, பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால், ஆய்வாளர் நேர்காணல் அறையில் என் எதிரில் நான் போட்ட சீட்டுகளைப் பரப்பினார். மஞ்சளும் வெள்ளையும் ஜோடி ஜோடியாக. பதினான்கில் பன்னிரண்டு ஜோடி, அச்சடித்தது போல ஒரே மார்க்.

“இருபது நிமிஷம் பேசினது எதுக்கு சார்?” என்றார்.

“அனுபவம்மா. ஆளைப் பாத்த உடனே சொல்லிடுவேன்.”

“ஏன்? எதைப் பாத்து?”

இவ்வளவு காலம் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. என் ரகசியத்தை அவிழ்த்துவிட்டேன். “கதவுதான்! நான் சேந்த நாள்லேருந்து இந்தக் கதவு லேசுல சாத்தாது. லிஃப்ட் வேலைன்னாலே கதவு வேலை. கதவைச் சத்தமில்லாம சாத்தத் தெரிஞ்சவன் கையில எந்தக் கதவும் நிக்கும். பயிற்சியில எங்களுக்கு என்ன சொன்னாங்க? எல்லாருக்கும் ஒரே பரீட்சை வைங்கன்னு சொன்னாங்க. என் பரீட்சை எல்லாருக்கும் ஒண்ணுதான். கதவுக்கு முகம் தெரியுமா? ஆம்பளை பொம்பளை தெரியுமா?”

அவர் கண்கள் விரிந்தன. எழுந்துபோய்க் கதவைத் திறந்தார், சாத்தப் பார்த்தார், துள்ளி வந்தது. ஆறேழு முறை அதையே செய்துவிட்டுத் திரும்பினார்.

“சார், நீங்க கதவு ரிப்பேர் பண்றவங்கதானே?”

“ஆமா.”

“இருபத்திரண்டு வருஷமா இந்தக் கதவை ஏன் யாரும் ரிப்பேர் பண்ணல?”

“சரி பண்ணிட்டா அப்புறம் பரீட்சை எங்கம்மா இருக்கும்?” என்றேன். சொல்லும்போதே அந்தப் பதில் எனக்கு லேசாக இடறியது.

அவர் விடவில்லை. யார் கதவை எப்படிச் சாத்தினார்கள் என்று என்னைக் கேட்டுக் கேட்டு, பதினான்கு விண்ணப்பங்களையும் இரண்டாகப் பிரித்து அடுக்கினார். கதவை அலுங்காமல் சாத்தியவர்கள் ஐந்து பேர். படார் கூட்டம் ஒன்பது பேர். ‘இங்கே பணிபுரியும் உறவினர்’ என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்து பேருக்கும் உறவினர் இருந்தார்கள். அண்ணன், சித்தப்பா, அத்தை வீட்டுக்காரர். ஒன்பது பேரில் ஒருவருக்குத்தான் உறவினர் இருந்தார்.

“கதவுக்கு ஆள் தெரியுது போலயே சார்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அது ரத்தத்துல வர்ற கைம்மா!” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். மத்தியானம் அரை நாள் லீவு போட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மாமா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என் அம்மாவின் தம்பி, அதே கம்பெனியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில்தான் வீடு. பேப்பருக்கு மட்டும் என் வீடு. நடந்ததைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். மாமா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“டேய், நிஜமாவே மறந்துட்டியா? உன் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் நான் என்ன சொன்னேன்? மூணாவது மாடிக் கதவு சாத்தாதுடா, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கிட்டுத் தள்ளுன்னு சொன்னேனா இல்லையா?”

“நீங்க எப்ப சொன்னீங்க?”

“எப்பவா? எங்க வீட்டு அலமாரிக் கதவுல பத்துத் தடவை உன்னைத் தூக்கித் தள்ள வெச்சேனேடா! நான் மட்டுமா? எல்லாரும் அவங்கவங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தான் அனுப்புவோம்.”

அலமாரி ஞாபகம் வந்தது. அதன் பித்தளைக் கைப்பிடியும் ஞாபகம் வந்தது. அன்று இன்டர்வியூவில் என்னைப் பார்த்து அப்போதைய போர்மேன், “தங்கக் கைய்யா இவனுக்கு!” என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருடமும் கழுத்துச் சங்கிலி மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். மாமா சொன்னதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, போர்மேன் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “தங்கக் கை, தங்கக் கைன்னு சொல்லியே என் உயிரை எடுத்தீங்களே! கடைசியில அது மாமா கையா?”

அவமானமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி உள்ளே அரித்தது. மாமா சொல்லாமல் இருந்திருந்தால்? நானும் தோளைக் கொடுத்துத்தானே இடித்திருப்பேன்?

பொறுக்க முடியவில்லை. லீவை நானே ரத்து செய்துவிட்டுக் கம்பெனிக்குத் திரும்பிப் போய், நேரே அடித்தளத்துக்கு இறங்கினேன். “ஒரு பூட்டு குடுங்க. கடிகாரத்தை ஓட விடுங்க” என்றேன். ஸ்டோர்கீப்பர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒரு ஸ்ப்ரிங் தெறித்து மேசைக்கு அடியில் ஓடியது, தவழ்ந்துபோய் எடுத்தேன். முடித்தபோது ஒன்பது நிமிடம் நாற்பது விநாடி.

“பாஸ்” என்றார் ஸ்டோர்கீப்பர். “இப்ப பாஸ். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி எப்படியோ, யாருக்குத் தெரியும்?”

“இந்த வருஷம் யாரு முதல்ல?”

“அந்தத் தையல் மெஷின் பொண்ணுதான். ஆறு நிமிஷம். போன வருஷமும் ஆறு. அதுக்கு முந்தின வருஷம் ஏழு.”

“யோவ், இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க என்னைக்குக் கேட்டீங்க? பாஸ், ஃபெயில் மட்டும் மேல வந்தா போதும்னு சொன்னது யாரு?”

மேலே ஏறினேன். மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து வைத்து, ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் ஏறிப் பார்த்தேன். மேல் கீல் இறங்கித்தான் இருந்தது. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைக் கண்டுபிடித்திருக்கிறாள். எங்களுக்கு வேண்டிய மெக்கானிக்தான் அங்கே பேசியிருக்கிறாள். நானோ ‘வாய் அதிகம்’ என்று எழுதியிருக்கிறேன்.

மேலாளர் அம்மாவிடம் போய் பட்டியலை ஒட்ட வேண்டாம் என்றேன். அவர் பதறினார். “மார்க் போட்டு மூணு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. இனிமே மாத்தணும்னா, ‘நான் போட்ட மார்க் தப்பு’ன்னு மூணு பேர்ல யாராவது காரணத்தோட எழுதிக் குடுக்கணும். அது உங்க சர்வீஸ் ஃபைல்ல ஏறும். யோசிச்சுக்குங்க.”

யோசித்தேன். நேர்காணல் அறைக்குப் போய் ஐந்து நிமிடம் என் சான்றிதழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் அவளுக்கு வயது தாண்டிவிடும். நான் எழுதாவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். இனி ஒவ்வொரு நாளும் அந்தக் கைப்பிடியைத் தூக்கும்போது தெரியும்.

எழுதினேன். கதவு, கைப்பிடி, மாமா, அலமாரி, எதையும் விடவில்லை. படித்துவிட்டு இன்ஜினியர், “எனக்கு அண்ணன் சொல்லிக் குடுத்தார்” என்று முணுமுணுத்தபடி கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். பதினான்கு பேருக்கும் மறுபடி நேர்காணல், கீழேயிருந்து வரும் நிமிடக் கணக்குக்கும் பாதி மார்க் என்று முடிவானது. கீலை நானே ஏற்றி மாட்டினேன். நாலு ஸ்க்ரூ, ஆறு நிமிட வேலை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். தோளைத் தயாராக வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். அது வழுக்கிக்கொண்டு போகவும் கொஞ்சம் தடுமாறிவிட்டாள். ஒரு விநாடி மேல் கீலைப் பார்த்தாள், பிறகு வந்து உட்கார்ந்தாள். மஞ்சள் சீட்டில் என்ன போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆள் எப்படி என்று உண்மையாகவே தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, பழுதான மெஷின் கடைக்கு வந்தால் முதலில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல, அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டே போனேன். இருபது நிமிடம் முப்பதாகிவிட்டது. வெள்ளைச் சீட்டில் ஒன்பது.

“மஞ்சள் சீட்டு காலியா இருக்கே சார்?” என்றார் ஆய்வாளர் பிறகு.

“அந்த நிமிஷத்துல எனக்கு ஒண்ணும் தெரியலம்மா.”

அன்று ஒரு நாள்தான் அவர் ஏன் என்று கேட்கவில்லை.

பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று அவளைத் தனியாக அந்த அறைக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவள் கதவை இரண்டு முறை திறந்து சாத்திப் பார்த்தாள்.

“அப்ப அந்த ரெண்டு வருஷமும் இந்தக் கதவுதானா சார்?”

“ஆமாம்மா. மன்னிச்சிடுங்க.”

“ரெண்டு தடவையும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னாடி நிப்பேன் சார். இங்க என்ன பேசினேனோ அதையே முதல்லேருந்து பேசிப் பாப்பேன். எந்த வார்த்தையில தப்பு பண்ணினேன்னு கண்டுபிடிக்கவே முடியல.”

“நீங்க எதையும் தப்பாப் பேசலம்மா” என்றேன்.