அக்கரையானின் வயல்

அக்கரையான் படையில் சேர்ந்த மறுவாரம் அவனுடைய வெங்காய வயலும் போர்முனைக்கு வந்து சேர்ந்தது. முந்தின மாலைவரை சரளைக்கல் மட்டுமே கிடந்த மேட்டில், முகாமின் பின்வேலியை ஒட்டி, நாலு பக்கமும் வரப்போடு, பாத்திகளில் ஈரம் காயாமல் கிடந்தது. வரும் வழியிலிருந்த ஊர்களில், வீட்டுக்கு அடியில் ஏதோ கனமாக ஊர்ந்து போனதாகவும் அலமாரிப் பாத்திரங்கள் கிடுகிடுத்ததாகவும் சொன்னார்கள்.

முதலில் பார்த்தது அந்தப் பிரிவின் சார்ஜென்ட். மீசை என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கடைவீதியில் பிறந்து வளர்ந்தவன். வெங்காயத்தைச் செடியோடு பார்த்தது அன்றுதான். உடனே சந்தேகம் வந்தது. சந்தேகப்படுவதுதான் அவனுக்குக் கொடுத்த வேலையும். அக்கரையான் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து, யாரும் சீண்டாத கல்லாங்குத்து நிலத்தை மனைவியோடு சேர்ந்து கொத்திக் கொத்தி வயலாக்கியவன். இப்போது சண்டையோ அந்தப் பக்கத்தோடு. விஷம் வைத்திருப்பான் என்று சந்தையில் யாரும் அவன் வெங்காயத்தைத் தொடவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவன் மனைவி வந்தால் பேச்சு நின்றது. துப்பாக்கி தூக்கினாலாவது வாயை மூடுவார்கள் என்று தானாகவே போய்ப் பெயர் கொடுத்தான். அதுவே கேப்டனுக்கு உறுத்தியது.

"கூப்பிடாம வர்றவனை நம்பாதே மீசை. ஒரு கண்ணு வச்சுக்கோ. அந்தப் பக்கம் காலெடுத்து வச்சான்னா யோசிக்காம சுட்டுரு."

கண்ணிவெடி எடுப்பவர்கள் வயலைக் குத்திப் பார்த்தார்கள், மண்புழுதான் வந்தது. சமையல்காரர் வெங்காயத்தை முதலில் அக்கரையானையே தின்னவைத்து, மறுநாள் அவன் உயிரோடு எழுந்த பிறகுதான் சட்டியில் போட்டார். கொஞ்ச நாளில் அவன் மனைவி ஒரு லாரியில் வந்து இறங்கினாள். முகாம் இருக்கும் இடத்தை யார் சொன்னது என்று கேப்டன் மிரட்டினார்.

"வயல் போன தடத்தைப் பார்த்துக்கிட்டே வந்தேங்க. வீட்டுக்குப் பின்னாடி இப்ப வெறும் பள்ளம்தான் கிடக்கு," என்றாள். புருஷனிடம் மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கிளம்பிருச்சே. நீங்க ஏதாச்சும் கூப்பிட்டீங்களா?" இல்லை என்று அவன் தலையாட்டினான். அவளும் நம்பியதாகத் தெரியவில்லை. அதே லாரியில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

முகாம் மாறிய போதெல்லாம் வயலும் பின்னாலேயே வந்தது. எதிரி விமானத்துக்கு அடையாளம் காட்டத்தான் வருகிறது என்றார் கேப்டன். ஆனால் அதன் மேல் ஒரு குண்டுகூட விழவில்லை. மீசைக்கு அதுவும் சந்தேகமாகவே இருந்தது.

பிறகு ஒருநாள் விடிந்தபோது வயல் முன்னால் போய், இரண்டு படைகளுக்கும் நடுவில் கிடந்தது. மடை மாற்றிவிட்டு வரட்டுமா என்று அக்கரையான் கேட்டான். கேப்டன் மீசையைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் சிரித்தார். நடுப்பகலில் அக்கரையான் துப்பாக்கியைச் சாத்தி வைத்துவிட்டு, மண்வெட்டியோடு பதுங்குகுழியை விட்டு ஏறி நடந்தான். மீசை குறிபார்த்தான். ஒரே போர்வையில் இருவரும் குளிரைக் கழித்திருந்தார்கள். "திரும்பிருடா," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அவன் திரும்பவில்லை. அந்தப் பக்கத்து வரப்பை எட்டியதும், வெங்காயத் தாளுக்குள்ளிருந்து எதிரிச் சீருடையில் இரண்டு தலைகள் எழுந்தன. அவர்களிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னான். மீசை சுட்டுவிட்டான்.

அக்கரையான் பாத்தியில் குப்புற விழுந்தான். அவர்கள் இருவரும் ஓடியபோது மடியிலிருந்து வெங்காயம் சிதறியது. வயல் அவனைச் சுமந்துகொண்டு மெல்ல நகர்ந்து பதுங்குகுழியின் விளிம்பில் வந்து நின்றது. மீசை ஓடிப்போய் அவனைப் புரட்டினான். குண்டு முதுகுப் பக்கமிருந்து தோளைத் துளைத்திருந்தது.

"பசிக்குத் திருடுறானுங்க சார். பிடுங்குறதுதான் பிடுங்குறீங்க, பிஞ்சை விட்டுடுங்கடான்னேன்," என்றான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "யாரு சார் சுட்டது?" என்றான்.

"அவனுங்கதான்."

"சரி சார்."

அந்தச் 'சரி' என்ன சரி என்று மீசை பல வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சண்டை முடிந்தது. அக்கரையான் ஒரு கை தூக்க முடியாமல் ஊருக்கு நடந்தான். பின்னால் வந்த வயலுக்கு வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. சந்தையில் மறுபடியும் அவன் வெங்காயத்தை வாங்கினார்கள், முன்பைவிடக் கொஞ்சம் முகர்ந்து பார்த்து. மீசை ஓய்வு பெற்று, பேருந்துப் பணிமனைக்கு எதிரே ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தான். அங்கே ஒருநாள் காலை, பணிமனையின் காலி மனையில் வயல் வந்து கிடந்தது. தன்னை ஊருக்குக் காட்டிக்கொடுக்கத்தான் வந்திருக்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெளியே தலைகாட்டவில்லை. மறுநாள் கதவு தட்டப்பட்டது. அக்கரையானின் மனைவி, தலை முழுக்க நரைத்து, வாசலில் நின்றாள்.

"அவர் போயிட்டாருண்ணே."

"இது எதுக்கு இங்க வந்திருக்கு? அவன் ஏதாவது சொன்னானா?"

"நீங்க போனா வயல் யார்கிட்ட போகும்னு கேட்டேன். மீசைக்காரர்கிட்டதான்னார். வேற ஒண்ணும் சொல்லலை."

மீசை அவள் முகத்தையே துழாவினான். களைப்பைத் தவிர அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"கிழக்கோரம் காயுதுண்ணே. மடையைத் திறங்க," என்றாள்.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினான். பணிமனைக்காரர்கள் அன்றிலிருந்து பேருந்துகளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள்.