வில்ஹோ கல்

நில அளவைத் துறையிலிருந்து வந்த கடிதத்தை எர்க்கி மனதுக்குள் இரண்டு முறை படித்துவிட்டு, மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தான். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. ஐலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளே தவிர, பாத்திரத்தை இறக்கக் கை நீளவில்லை. தெர்வலக்தி வளைகுடாவில் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்ட பாறை ஒன்று புதிய வரைபடத்தில் சேர்க்கப்படுகிறதாம். ஊரில் அதற்கு வழங்கும் பெயர் என்ன என்று நீர்ப்பங்காளிகள் கூட்டத்தில் கேட்டுச் சொல்ல வேண்டுமாம்.

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? வில்ஹோ கல்லு. எங்க மாமனாரு மேப்புல ஏறப் போறாரு" என்றான் எர்க்கி.

"நீ சும்மா இரு" என்றாள் ஐலா. குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்துவிட்டது.

அவனுக்கு வரைபடம் என்றால் கொள்ளை ஆசை. சமையலறைச் சுவரில் இரண்டை அருகருகே மாட்டி வைத்திருந்தான். இரண்டின் தலையிலும் சத்தகுந்தா என்ற ஒரே மாவட்டப் பெயர், இரண்டிலும் சின்னமாக வாள் பிடித்த அதே கரடி. ஆனால் உடம்பு வேறு. பழைய சத்தகுந்தா கடலிலிருந்து கிழக்கே ஏரிகளைத் தாண்டிக் காட்டுக்குள் நெடுந்தூரம் போகும். அந்தக் கிழக்கில்தான் எர்க்கி பிறந்த தூர்வா இருந்தது. தொண்ணூறுகளில் யாரோ மேசையில் உட்கார்ந்து புதிதாகக் கோடு கிழித்தபோது தூர்வா பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டது. பெயரையும் கரடியையும் கடற்கரைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல் தெர்வலக்தியில் அவனுக்கு வெளிநாட்டுக்காரன் என்று பெயர். கல்யாணமாகி நாற்பது வருடம் இங்கேயே இருந்தும் அந்தப் பட்டம் போகவில்லை.

"கெழக்க என்னைய விட்டீங்க. மேற்க ஒரு கல்லு கெடச்சிருக்கு. யாருக்கு லாபம்னு தெரியல" என்று கரடியிடம் சொல்லிவிட்டு அவனே எழுந்து காப்பியை இறக்கினான்.

இந்தக் கரையில் நிலம் ஓய்ந்து படுத்ததே கிடையாது. ஒரு காலத்தில் அதன்மேல் கிடந்த பனிப்பாறையின் பாரம் இறங்கியதிலிருந்து மெல்ல மெல்ல எழுந்துகொண்டே இருக்கிறது. ஆண்டுக்குச் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்காது. ஆனால் நிறுத்துவதில்லை. ஆற்றின் வாயில் இருந்த வணிகத் துறைமுகம், கடல் தள்ளிப் போகப் போக, உல்விலா என்ற பழைய ஊரை விட்டுவிட்டு இன்னும் கீழே இறங்கிப் போரி என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டது. இப்போது போரியும் கடலைக் கண்ணால் பார்க்க முடியாத தூரத்தில் நிற்கிறது. சிறுமியாக இருந்தபோது ஐலாவுக்கு ஒரு கனவு அடிக்கடி வரும். படுக்கையில் அசையாமல் கிடப்பாள். வீடு, படகுக் கொட்டகை, கிணறு, அப்பா எல்லாம் அவளோடு சேர்ந்து சத்தமில்லாமல் மேலே போய்க்கொண்டிருக்கும். பயமாகவே இருக்காது. பதினொரு வயதுக்கு மேல் அந்தக் கனவு பயமுறுத்த ஆரம்பித்தது, ஏனென்றால் கீழே கிடந்த ஒன்றும் கூடவே மேலே வந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

தெர்வலக்தியில் பாறைக்குப் பெயர் வைப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. எவன் படகு முதலில் முட்டுகிறதோ அவன் பெயர்தான் அதற்கு. இதில் மரியாதை ஒன்றும் கிடையாது, முழுக்க முழுக்கக் கேலி. வளைகுடாவின் வாயில் அந்தோன் அவசரம் என்று ஒரு பாறை, அதற்குத் தெற்கே பாதிரி இடுப்பு என்று இன்னொன்று. முட்டியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுக்க வேண்டும். வந்தவர்கள் வாய்க்கு வந்தபடி கேலி பேசுவார்கள். கொடுத்தவர் கடைசிச் சொட்டுக் காப்பி தீரும்வரை ஒரு வார்த்தை பதில் பேசக் கூடாது. தீர்ந்துவிட்டால் கணக்கு முடிந்தது, பெயர் மட்டும் கல்லில் ஒட்டிக்கொள்ளும்.

ஐலாவின் அப்பா வில்ஹோ சாதாரண மீன்காரர் இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி, பாறைகளுக்கு நடுவே வழி காட்டிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் உத்தியோகம். அப்படிப்பட்டவர் அக்டோபர் மாதத்துப் பட்டப்பகலில், சொந்த வீட்டு வாசல் கடலில், சொந்தப் படகைக் கல்லில் ஏற்றிவிட்டார். ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டு பலகை பிளந்து படகு நழுவி மூழ்கிவிட, கல் மட்டும் நீருக்கு ஒரு சாண் கீழே இருந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் அதன்மேல் நின்றார். இப்போது பங்காளிகள் தலைவராக இருக்கும் கௌகோவின் அப்பா கரையிலிருந்து பார்த்தபோது, நடுக்கடலில் கணுக்கால் தண்ணீரில் ஒரு மனுஷன் நின்றுகொண்டிருந்தான். அவர்தான் படகில் போய் இருவரையும் தூக்கி வந்தார். வில்ஹோ ஏசுநாதர் ஆன கதை என்று அதை ஐம்பது வருடமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மூத்த வழிகாட்டி பதவி அந்த வருடம் அவருக்கு வரவேண்டியது, வேறொருவருக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டித் தட்டை வீடு முழுக்கச் சுமந்து வந்தது ஐலாதான். அப்பா நாற்காலியில் கை கட்டி உட்கார்ந்து, கடைசிச் சொட்டுவரை வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. சாகும்வரை திறக்கவில்லை.

பேச்சில் இருக்கும் கேலி, பேசுகிறவர்களோடு போய்விடும் என்று ஐலா தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். வரைபடத்தில் ஏறிவிட்டால் அது எங்கே போகும்? இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகள்கூட அந்தப் பெயரைத் தொட்டு, யார் இந்த வில்ஹோ என்று கேட்பார்கள். கல்லில் முட்டின வழிகாட்டி என்று யாராவது சொல்வார்கள்.

கூட்டம் மே மாதத்து ஒரு சனிக்கிழமை, பழைய பள்ளிக்கூடத்தில் நடந்தது. கடலடி நிலம் இங்கே பதினொரு பழைய வீடுகளுக்குப் பொதுச் சொத்து. அதிலிருந்து எது மேலே வந்தாலும் பங்காளிகள் எல்லோருக்கும் பொது. தலைவர் கௌகோவுக்கு எழுபத்து மூன்று வயது, வாய்க்கு மட்டும் இருபது. அளவைத் துறையிலிருந்து நூரா என்ற பெண் மடிக்கணினியோடு வந்திருந்தாள்.

"வெளிநாட்டுக்காரா, பாஸ்போர்ட்டு கொண்டாந்தியா?" என்றார் கௌகோ.

"ஒங்க கரடியே எங்க ஊரு காட்டுலேருந்து வந்ததுதான். அதுகிட்ட மொதல்ல கேளு" என்றான் எர்க்கி.

சிரிப்பு அடங்கியதும் கௌகோ மேசையைத் தட்டினார். "ஒரே விஷயம்தான், சட்டுனு முடிச்சிரலாம். வில்ஹோ கல்லு. யாருக்காவது மறுப்பு இருக்கா? ஏசுநாதர் கல்லுன்னும் எழுதலாம், பாதிரி கோச்சுக்குவாரு."

"எனக்கு இருக்கு" என்றாள் ஐலா.

எழுந்து நின்றாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம், ஆனால் ஒருமுறைகூட அதைக் காதால் கேட்டதில்லை.

"அன்னிக்கு சுக்கான் என் கையில இருந்துச்சு."

யாரோ கோப்பையை வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா குனிஞ்சு வலைய அடுக்கிட்டிருந்தாரு. சர்ச்சு கோபுரம் அந்த முனைப் பைன் மரத்து மேலயே நிக்கணும், அதுதான் வழி, நகந்துச்சுன்னா திருப்புன்னு சொல்லிட்டுதான் குனிஞ்சாரு. நான் அன்னப்பறவைங்களப் பாத்துட்டிருந்துட்டேன். தெக்க போயிட்டிருந்துச்சு. கோபுரம் எப்ப நகந்துச்சுன்னே தெரியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கல்லு மேல நிக்கறப்ப அப்பா ரெண்டு வார்த்தைதான் பேசினாரு. எத்தன அன்னம்னு கேட்டாரு. பதினேழுன்னேன். சரி, படகு ஓட்டினது நான்தான், ஞாபகம் வச்சுக்கன்னாரு. அவ்ளோதான்."

கௌகோ தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நாப்பது வருசம் அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா சிரிச்சிருக்கேன்" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து நூராவைப் பார்த்தார். "வழக்கப்படி மொதல்ல முட்டினவங்க பேருதான். அப்ப ஐலா கல்லு. எழுதிக்கம்மா."

நூரா தயங்கினாள். "அப்படி எழுத முடியாதுங்க. நடந்தது என்னன்னு நாங்க பாக்கறதில்ல, ஜனங்க வாயில எது இருக்கோ அதத்தான் போடுவோம். இன்னிவரைக்கும் ஒருத்தரும் ஐலா கல்லுன்னு சொன்னதில்லையே." ஐலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "செப்டம்பர் வரைக்கும் அந்த எடத்தக் காலியா விட்டு வைக்கறேன். மறுபடி வந்து கேக்கறேன். அப்ப என்ன சொல்றாங்களோ அது."

இருவரும் வீட்டுக்கு நடந்து போனார்கள். கோடை வந்துவிட்டதற்கு அடையாளமாகப் பிர்ச் மரங்களில் எலிக்காது அளவுக்கு இலை விட்டிருந்தது.

"நாப்பது வருசமா நான்தான் படகு ஓட்டறேன்" என்றான் எர்க்கி. "வழிகாட்டி மகள ஒரு காட்டுக்காரன் ஓட்டிக்கிட்டுப் போறான்னு ஊரே சிரிச்சுது. ஒனக்கு சோம்பேறித்தனம்னுல்ல நெனச்சேன்."

"சோம்பேறித்தனமும்தான்" என்றாள். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான், குளிரே இல்லாத வெயிலில்.

மறுநாள் ஞாயிறு. ஐலா விடியலிலேயே எழுந்து மூன்று தட்டு ரொட்டி சுட்டாள். மற்றப் பத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள், சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு. ஆனால் ஒருவரும் கேலி பேசவில்லை. ரொட்டி மெத்தென்று இருக்கிறது என்றார்கள். காற்று திரும்பியிருக்கிறது என்றார்கள். ஒரு கிழவி ஐலாவின் கையைத் தடவிக்கொடுத்தாள். கௌகோ கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாதிக் காப்பியோடு எழுந்து போய்விட்டார். எல்லோரும் போனபின் ஐலா காலியான நாற்காலிகளுக்கு நடுவே நின்றாள். அப்பாவுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை. இரக்கம்தான் கிடைத்தது. இரக்கத்தைக் குடித்துத் தீர்க்க முடியாது. இப்படியே போனால் எல்லோரும் பேச்சுக்கு அஞ்சி அந்தக் கல்லைப் பெயரே சொல்லாமல் விட்டுவிடுவார்கள். செப்டம்பரில் நூரா வரும்போது, பழகின வாய் பழைய பெயரைத்தான் சொல்லும்.

"வா, கடலுக்குப் போவோம்" என்றான் எர்க்கி. மிஞ்சிய காப்பியை ஃபிளாஸ்கில் ஊற்றிக்கொண்டான். படகின் முன்பலகையில் போய் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, சுக்கானை யாருக்கோ விட்டுவைத்தவன் மாதிரி தொலைவைப் பார்த்தான்.

ஐலா சிறிது நேரம் படகுத்துறையிலேயே நின்றாள். பிறகு இறங்கினாள். சுக்கான் கட்டை, பிடித்த கையிலேயே சூடாயிற்று. கை அதை மறக்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடல் பால் மாதிரி அசையாமல் கிடந்தது. வானமும் அதே நிறம், நடுவில் கோடு எங்கே என்று தெரியவில்லை. படகு போகிறதா, கரைதான் பின்னால் போகிறதா என்று குழப்பமாக இருந்தது. கல் வந்தது. அரைச் சாண் உயரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு மேசை அளவுக்கு, பாசி காய்ந்து வெளுத்துப் போய், உச்சியில் ஓர் ஆலாப்பறவையோடு. இவ்வளவு சின்னக் கல்லா? ஐம்பத்திரண்டு வருடம் தன் தலைக்குமேல் இருந்தது இதுதானா? எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் மிதந்தார்கள். அப்பா நின்ற இடத்தில் இரண்டு பாதம் வைக்கச் சரியாக இடம் இருந்தது. ஐலா கையை நீட்டி அதைத் தொட்டாள். வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது.

எர்க்கி ஃபிளாஸ்கைத் திறந்து அவளுக்கு ஊற்றினான். இருவரும் குடித்தார்கள். ஆலா எழுந்து போய், ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். கோபுரம் பைன் மரத்துக்கு இடப்பக்கம் இருந்தது. மெல்ல மெல்லத் திருப்பினாள். கண் அதைவிட்டு அகலவில்லை. அப்போதுதான் கரையில், கௌகோ தன் படகுத்துறையின் நுனியில் நிற்பது தெரிந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு நின்றார். அந்த அமைதியில் குரல் தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அடியே சுக்கான்காரி! ஐலா கல்லத் தாண்டிட்டியா இல்லயா? இன்னிக்கு அன்னமும் இல்ல ஒண்ணும் இல்ல, கண்ணத் தொறந்து ஓட்டு! மறுபடி நனைஞ்சு வந்தா நான் தூக்க வர மாட்டேன், நீ ஒங்கப்பனாட்டம் ஒல்லியா இல்ல!"

பக்கத்துத் துறையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். இன்னொரு குரல், கொஞ்சம் கூச்சத்தோடு, "ஐலா கல்லு!" என்று கத்தியது, சரியாக வருகிறதா என்று வாயில் போட்டுப் பார்க்கிறது மாதிரி.

எர்க்கி திரும்பிப் பார்த்தான். "பதில் சொல்லேன். சும்மா விடறியா அவன?"

ஐலா மாட்டேன் என்று தலையசைத்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, கை சுக்கானில் இருந்தது. காலடியில் கிடந்த ஃபிளாஸ்கைப் பாதத்தால் லேசாக ஆட்டினாள். உள்ளே இன்னும் ஒரு வாய்க் காப்பி தீராமல் அலம்பிக்கொண்டிருந்தது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். எதிரே கோபுரம் நகர்ந்து நகர்ந்து வந்து, பைன் மரத்தின் உச்சியில் ஏறி நின்றது.