ரஃபா ஊர்க் கல்யாணம்

வாணியம்பாடியில் சவுரியம்மாள் நடத்திய மெஸ்ஸில் கல்லூரிப் பையன்கள்தான் ஜாஸ்தி. அவர்களில் நபீல் காசாவிலிருந்து படிக்க வந்தவன். மூன்று வருஷத்தில் தமிழை ஒருவழியாகப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் வாயாடுவான். எண்பத்திரண்டு மே மாதம் அவன் வாயே திறக்கவில்லை.

பந்தி ஓய்ந்ததும் சவுரியம்மாள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாப்பா, ஊர்ல எதுனா ஆயிடுச்சா?"

"தங்கச்சி கல்யாணம் நின்னுபோச்சுக்கா. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அப்பா இல்லாத வீடு, அண்ணன் சொல்தான் முடிவு. ஏன் என்று கேட்டதற்கு விரலைத் தண்ணீரில் நனைத்து மேஜையில் கோடிழுத்தான். கடல். அதை ஒட்டி மெல்லிய நிலம். நீளம் இங்கிருந்து பள்ளிகொண்டா வரைதான் இருக்கும்.

"யாரு ஆள்றாங்க?"

"முன்ன எகிப்து. அறுபத்தேழு சண்டைக்கு அப்புறம் இஸ்ரேல் பட்டாளம். எங்க ஊருன்னு நாங்க சொல்றோம். யாரு கேக்கறாங்க?"

அந்த நிலத்தின் தெற்கு முனையில் ரஃபா. போன மாதம், இஸ்ரேல் பிடித்து வைத்திருந்த சினாய்ப் பாலைவனம் எகிப்துக்குத் திரும்பிப் போனபோது எல்லைக் கம்பி ஊருக்கு நடுவிலேயே விழுந்துவிட்டது. சித்தப்பா வீட்டில் இருந்த தங்கை ஹனானும் அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையும் எகிப்துப் பக்கம். அம்மா காசாப் பக்கம்.

"அம்மா இல்லாம எப்டிக்கா? கம்பியை எடுக்கட்டும்னுட்டேன்."

"எப்ப எடுப்பாங்க?"

அவன் மேஜைமேல் இழுத்த கோட்டை உள்ளங்கையால் துடைத்தான். சவுரியம்மாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"அந்தாண்ட நின்னா இந்தாண்ட ஆள் தெரியுமா?"

"தெரியும். கத்திப் பேசிக்குவாங்க."

"அப்ப கம்பியாண்டயே வெச்சுக்கங்க. பெத்தவ கண்ணால பாத்தா போதாதா?"

ராத்திரி முழுக்க யோசித்திருப்பான் போல. காலையில் கல்லூரிக்குப் போகாமல் தந்தி ஆபீசுக்குப் போனான்.

ஆடி மாதம் தங்கையிடமிருந்து ஒரு கேசட் வந்தது. தையல்கடை கவுஸ் பாஷா தன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு மேளம், பெண்களின் குலவை. கிட்டத்தில் ஒரு கூட்டம் பாட, கம்பிக்கு அந்தப் பக்கம் தூரத்தில் இன்னொரு கூட்டம் அதே பாட்டை வாங்கிப் பாடியது. சாப்பிட வந்தவர்கள் எச்சில் கையோடு நின்று கேட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் தூரத்திலிருந்து ஒரு கிழக்குரல் கூவியது. நபீல் அழுதுகொண்டே சிரித்தான்.

"அம்மா. எனக்குக் கேக்குதான்னு கேக்கறாங்க."

"பதிலுக்கு ஒண்ணு பதிஞ்சு அனுப்புப்பா," என்றார் பாஷா.

புதுக் கேசட் ஓட ஆரம்பித்ததும் நபீல் ரிக்கார்டரைச் சவுரியம்மாள் பக்கம் நகர்த்தினான். சவுரியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடல்தாண்டிக் கேட்கவேண்டுமே என்று உரக்கச் சொன்னாள்: "நல்லா கேக்குதும்மா."