உள்ளே பறந்த விமானம்

2008 ஜனவரியில் பஹ்ரைனில் குளிர் பிடித்துக்கொண்டது. வடக்கிலிருந்து காற்று விடாமல் அடித்தது. மனாமாவில் சாதிக் பாட்ஷா நடத்திய பொம்மைக் கடைக்கு அந்த மாதம்தான் ஒரு பெட்டி நிறைய ரிமோட் விமானங்கள் வந்து இறங்கின. தெர்மகோல் உடம்பு, ஒரு முழத்துக்கும் குறைவான இறக்கை, கையில் வைத்தால் கனமே தெரியாது.

முதல் வாரம் பத்து விற்றன. அடுத்த வாரம் ஏழு திரும்பி வந்தன. கடற்கரையில் பறக்கவிட்டவர்கள் காற்றுக்குப் பறிகொடுத்துவிட்டு, கிடைத்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பாய், யே பேகார் ஹை!" இது எதற்கும் உதவாது என்று இந்தியில் கத்தியபடி, முறிந்த இறக்கையை மேசைமேல் போட்டார் ஒரு டாக்சி டிரைவர். சாதிக் அவருக்கு வேறு பொம்மை கொடுத்து அனுப்பினான்.

உடைந்தவற்றை ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். குப்பையில் போடப் போனவனை மனைவி மர்ஜானா தடுத்தாள்.

"அதுல மோட்டார் ஓடுதா, மச்சான்?"

"ஓடும். என்ன பிரயோஜனம்? பறக்க மாட்டேங்குதே."

மர்ஜானா கீழக்கரைக்காரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணமாகி இங்கே வந்து மூன்று வருடம். இரண்டு இடங்களில் வேலை கேட்டாள், இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்துக்கு அவள் போகவே இல்லை.

நான்கு உடைசல்களிலிருந்து ஒரு விமானத்தைத் தேற்றினாள். வரவேற்பறையில் விட்டாள். அது மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, தயங்கி நின்று, சோபாவில் விழுந்தது. மறுபடி விட்டாள், மறுபடி விழுந்தது. வாலில் தான் ஒட்டிய டேப்தான் பின்பக்கத்தை இழுக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. டேப்பைப் பாதியாகக் குறைத்தாள். அப்படியும் போதவில்லை. தன் பழைய கம்மலின் திருகைக் கழற்றி மூக்கில் ஒட்டினாள். இம்முறை அது நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

"மச்சான், இதுக்குக் காத்துதான் ஆகாது. பெரிய ஹால் ஒண்ணு கெடச்சா பறக்கும்."

ஈசா டவுனில் ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் விஜயபாஸ்கர், சாதிக்கின் கடைக்குப் பந்து வாங்க வருபவர். வெள்ளிக்கிழமை காலையில் விளையாட வருபவர்களுக்காகப் பள்ளியின் பேட்மிண்டன் கூடத்தைத் திறந்துவைப்பார். சாதிக் அவரிடம் கேட்கத் தயங்கினான்.

"நாலு பேரு வெளையாடுற எடம் புள்ள. விழுந்து வச்சா சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. நீங்க கேளுங்க."

கேட்டான். "அரை மணி நேரந்தானே, தாராளமா வாங்க," என்றார் விஜயபாஸ்கர்.

அந்த வெள்ளிக்கிழமை வெளியே மணல் பறந்தது. உள்ளே ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆறேழு பேர் சுவரோரம் நின்றார்கள். முதல் முறை விமானம் வலையில் சிக்கியது. யாரோ சிரித்தார்கள். சாதிக் தரையைப் பார்த்தான். இரண்டாம் முறை கூடைப்பந்து வளையத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. விஜயபாஸ்கர் நாற்காலி போட்டு ஏறி, மட்டையால் தட்டி எடுத்துக் கொடுத்தார்.

"போதும், போயிடலாம்," என்றான் சாதிக் மெதுவாக.

"இன்னொரு தடவ."

இம்முறை அவள் விசையை முழுதாக முடுக்கவில்லை. பாதியில் வைத்தாள். விமானம் அவசரமில்லாமல் ஏறியது. சுவர் நெருங்குமுன்பே திருப்பினாள். விளக்குகளுக்குக் கீழே ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. கூடத்தில் பேச்சு நின்றுபோயிற்று, சின்ன மோட்டாரின் ரீங்காரம் மட்டும் கேட்டது. ஐந்தாவது சுற்றில் வேகத்தைக் குறைத்து, மரத்தரையில் வழுக்கியபடி தன் காலருகே இறக்கினாள். சுவரோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பேட்மிண்டன் மட்டையுடன் நின்ற ஓர் எஞ்சினியர், "சிஸ்டர், எனக்கும் ஒண்ணு வேணும். ஆனா நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று விமானங்கள் வந்தன, அதற்கடுத்த வாரம் எட்டு. ஒன்றோடொன்று மோதி விழுந்தன. மர்ஜானா தரையில் உட்கார்ந்து ஒட்டிக் கொடுத்தாள். எந்தப் பக்கம் கனம், எங்கே வளைவு என்று கையில் எடுத்ததுமே சொன்னாள். கடையில் விற்கும் ஒவ்வொரு பெட்டியோடும், 'பெரிய கூடத்துக்குள் மட்டும் பறக்க விடவும்' என்று அவள் எழுதிய துண்டுச் சீட்டு போயிற்று. திரும்பி வருவது நின்றது.

பிப்ரவரிக் கடைசியில் விஜயபாஸ்கர் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், பெரிய கிளாஸ் பிள்ளைகளுக்கு வாரம் ரெண்டு நாள் இத நீங்க வந்து சொல்லித் தர முடியுமா? பிரின்சிபால் கேக்கச் சொன்னார். ஃபிசிக்ஸ் லேபிலயும் ஒரு ஆள் வேணும்னாங்க."

மர்ஜானா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "வர்றேன் சார்," என்றாள். சொன்ன பிறகுதான் சாதிக்கைத் தேடினாள்.

அவன் கூடத்தின் நடுவே ரிமோட்டை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு விமானத்தை ஏற்றிவிட்டிருந்தான். அது கூரையைத் தொட்டுக்கொண்டு சுற்றியது.

"மர்ஜானா! இத எப்படிக் கீழ எறக்குறது?"

"பதறாதீங்க மச்சான்," என்று சிரித்துக்கொண்டே அவனிடம் நடந்தாள். "கொஞ்சம் கொஞ்சமா வேகத்தக் கொறைங்க. அதுவா வரும்."