கடலிலெ சூடு

1

இந்தக் கதை குப்பண்ணனின் காதில் பிறந்தது. என் மண்டையில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். எழுபத்திரண்டில், பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ் பேசும் ஒரு ஊர். ஆடி முடியப்போகிறது, மழையைக் காணோம். கூட்டம் போட்டு, வானிலை அதிகாரி ஒருவரைப் பேசக் கூப்பிட்டார்கள். அவர் மலையாளத்தில் பேசினார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வானத்தில் அன்று ஒரு காக்கைகூட..." வேண்டாம். காக்கைகள் நிறைய இருந்தன.

2

அதிகாரி சொன்னது சரியான செய்தி. எங்கோ ஒரு பெருங்கடல் மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும். அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், சில சமயம் ஒரு தலைமுறையே பிடிக்கும். நம் மழை கூடுவதும் குறைவதும் அந்தச் சூட்டைப் பொறுத்தது. "கடலிலெ சூடாணு மழயெ தடுக்குன்னது" என்று முடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

குப்பண்ணன் தமிழில் சொன்னார். வாய்தாவுக்குப் பாலக்காடு போய்வந்தே மலையாளம் கற்றவர். (வழக்கு தோற்றது. காரணத்தை நான் விசாரிக்கவில்லை.)

"கடலையில சூடாமா. அதுதான் மழையத் தடுக்குதாமா."

ஊரில் நிலக்கடலை போட்டிருந்தது ஒருத்திதான்: கமலாத்தாள். சித்திரையில் பெய்த ஒற்றை மழையை நம்பி விதைத்தாள். மற்றவர்களின் நெல்வயல் வெடித்துக் கிடக்க, அவள் காடு மட்டும் பச்சையாக நின்றது. அவளுக்கும் அவள் பெண்களுக்கும் இந்த வருஷச் சோறு அதுதான்.

3

"ஏனுங்க மாமா, அவரு சொன்னது கடலைங்களா? கடலுங்க! சமுத்தரம்!" என்று குப்பண்ணனைக் கேட்டாள் கமலாத்தாள். சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசிப் பழகியவள்.

பொங்கியண்ணன் ஊருக்குப் பெரியவர். அவருடைய காய்ந்த வயல் அவள் காட்டை ஒட்டியது.

"சமுத்தரத்த நீ பாத்திருக்கறயா அம்மிணி?"

"இல்லீங்க."

"நானும் பாத்ததில்ல. பாக்காத ஒண்ணு வந்து எங்க மழைய நிறுத்துமாக்கும்? கடலை சூடு. தின்னா வவுறு எரியுதல்ல?"

"அப்ப நீங்க தின்னுபோட்டுப் படுத்தா உங்க ஊட்டு மேல மட்டும் மழ பேயாதுங்களா?"

சிரித்தவர்களைப் பொங்கியண்ணன் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. காலையில் கடலைக்காட்டை உழுதுபோடுவது என்று முடிவானது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பொங்கியண்ணன் காதில் 'கடல்' என்று சரியாகவே விழுந்திருக்கும். ஆனால் கடலில் ஏர் ஓட்ட முடியாது. கமலாத்தாள் காட்டில் முடியும்.

4

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

விடிவதற்குள் மழை கொட்டுகிறது. பொங்கியண்ணன் சொல்வார்: "உழுவறம்னு பேசுனதுக்கே பேஞ்சுதல்ல?"

உழுகிறார்கள், மழை இல்லை. அடுத்த சூட்டைத் தேடுகிறார்கள்: எள்ளு, கொள்ளு, கடைசியில் கமலாத்தாளின் வாய்.

அதிகாரி திரும்பி வந்து விளக்குகிறார். (போன ஜீப் திரும்பி வந்ததாக நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.)

5

விடிந்தது. ஏர் பூட்டியாயிற்று. மாட்டுக்கு முன்னால், கடலைச் செடிகளுக்கு நடுவே கமலாத்தாள்.

"நகரு அம்மிணி, மாடு மிதிச்சுப்போடும்" என்றார் பொங்கியண்ணன்.

"மாட்டுக்காவது மலையாளம் தெரியுதான்னு பாப்பமுங்க."

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். மேழியை நீங்கள் பிடியுங்கள், வாசகரே. மாட்டை அவிழ்ப்பதானாலும் ஓட்டுவதானாலும் உங்கள் இஷ்டம். 'கமலாத்தாள் மெல்ல விலகி...' என்று உங்களுக்காக எழுதிப் பார்த்தேன். அவள் விலகவில்லை. ஓட்டினால் அவள்மேல்தான் ஓட்டவேண்டும்.